தங்கையன் மூச்சு வாங்கிய இடம்

பொன்மலை ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஜாஸ் வாசிக்கும் பேண்டைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுக்க, 1962 மாசியில் கலீல் மதராஸிலிருந்து வந்தான். அவனுக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் தென்னூர்தான். மதராஸில் ஒரு டாக்குமெண்டரி கம்பெனியில் கேமராமேன்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளிநாட்டுக்குக் கப்பலேறிவிட்டதில் பேண்டு சுருங்கிப் போயிருந்தது. டிரம்பெட்டுக்குத் தங்கையன், டிரம்ஸுக்கு மருதை. இருவருக்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. பியானோவுக்கு டெரன்ஸ் என்ற ஓய்வுபெற்ற ரயில் கார்டு. அவ்வளவுதான்.

முதலில் கலீல், கம்பெனி முதலாளி எழுதிக் கொடுத்தபடியே எடுத்தான். காவிரிப் பாலத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியதும் வெளியே வரும் சைக்கிள் கூட்டம். பேண்டைப் படம் பிடிக்க வேண்டிய அன்று காலை தங்கையனின் மனைவி அமிர்தம் அவனைத் தேடி வந்தாள்.

"தம்பி, அவருக்கு நெஞ்சுல சீக்கு. ஒரு பக்க நுரையீரல் கெட்டுப் போச்சு. டாக்டர் ஊதவே கூடாதுன்னுட்டார். உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டார்."

கலீல் அவளையும் கூட்டிக்கொண்டு நேரே தங்கையனிடம் போனான். "வேணாம்ணே. நீங்க சும்மா பேசுங்க, அதை எடுத்துக்கறேன்."

தங்கையன் டிரம்பெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் வாசிக்கிறவன், தம்பி. பேசி என்ன ஆகப்போவுது? இத்தனை வருஷமும் டான்ஸ் ஆடுறவங்களுக்குத்தான் வாசிச்சேன். யாரும் என் பக்கம் திரும்பிப் பாத்ததில்ல. ஒரு தடவையாவது உக்காந்து கேக்குறவங்களுக்கு வாசிக்கிறேனே." பிறகு மனைவியைப் பார்த்தார். "அமிர்தம், நீ சொல்லு. வேணாம்னா விட்டுர்றேன்."

அவள் அவர் கையிலிருந்த துணியை வாங்கி மடித்தாள். "ஒரே தடவைதான்" என்றாள் கடைசியில்.

பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாக மேடையில் விழுந்தது. மெட்டை மூவரும் சேர்ந்து வாசித்தார்கள். பிறகு டெரன்ஸ் தனியாகக் கொஞ்சம் அலைந்து திரிந்துவிட்டு வழிவிட்டார். தங்கையன் எழுந்து நின்றார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். மெட்டைத் தொடுவதும் விலகுவதுமாக மேலே மேலே போனார். உச்சிக்குப் போகும் நேரத்தில் சத்தம் அறுந்தது.

டிரம்பெட் உதட்டிலிருந்து இறங்கியது. வாய் திறந்து காற்றை இழுத்தார், வரவில்லை. டெரன்ஸின் விரல்கள் கட்டைகளின் மேல் அப்படியே நின்றன. மருதை மட்டும் நிறுத்தவில்லை. குச்சிகளைக் கீழே போட்டுவிட்டுக் டிரம்ஸில் மெதுவாக வாசிக்க வைத்திருந்த கம்பித் துடைப்பங்களை எடுத்து, தோலின் மேல் தேய்த்துத் தேய்த்துத் தாளத்தை உயிரோடு வைத்திருந்தான். அவன் கண்கள் தங்கையனை விட்டு அகலவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தலாமா என்று கலீல் விசையருகே விரலைக் கொண்டுபோனான், அழுத்தவில்லை. கதவருகே அமிர்தம் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

தங்கையன் மறுபடி வாத்தியத்தைத் தூக்கினார். விட்ட இடத்துக்குப் போகவில்லை. கீழே, தணிந்த குரலில், வேறு ஏதோ சொல்வதுபோல நாலு சுரங்களை ஊதி முடித்தார்.

உதவியாளன் கிசுகிசுத்தான்: "சார், விரல் குளோசப் எடுக்கலையே. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லலாமா?"

"போதும்" என்றான் கலீல்.

மதராஸில் முதலாளி படத்தைப் போட்டுப் பார்த்தார். "நடுவுல நின்னு போச்சே. அதை வெட்டிடு. ஜாஸ் எங்க பொறந்துச்சு, எப்படி வளந்துச்சுன்னு அங்க கமெண்டரி போட்டுக்கலாம்."

"சார், அந்த இடம்தான் படமே. அவர் நின்னார், மத்தவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க, வேற வழியா திரும்பி வந்தார். ஜாஸுன்னா அதுதான் சார். வாயால சொல்ல வேண்டியதில்ல."

"ஜனங்க புரொஜெக்டர் கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக் கத்துவாங்க, கலீல்."

வெட்டினார்கள். கோபுரங்களும் சைக்கிள்களும் கமெண்டரியுமாகப் படம் தியேட்டர்களில் ஓடியது. வெட்டாத பிரதி ஒன்றை மட்டும் கலீல் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஐப்பசி மழையில் தங்கையன் காலமானார். மருதை எழுதிய தபால் கார்டைப் படித்ததும் கலீல் "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். முப்பதாம் நாள் முடிந்ததும் பொன்மலைக்கு வந்தான். அமிர்தத்தின் சம்மதத்தோடு இன்ஸ்டிடியூட் ஹாலில் திரை கட்டி அந்தப் பிரதியைப் போட்டான்.

சத்தம் அறுந்த இடத்தில் ஹாலே அடங்கியது. துடைப்பங்கள் தேய்வதும் அவருடைய மூச்சிழுப்பும் மட்டுமே கேட்டன. யாரும் கத்தவில்லை. திரையில் அவர் வாத்தியத்தைத் தூக்கியதும் முன்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

விளக்கு போட்ட பிறகு அமிர்தம் கலீலிடம் வந்தாள். கண்கள் ஈரமாக இல்லை.

"அன்னிக்கு நான் இங்கயேதானே நின்னேன். திரும்ப வாசிச்சார்னு எனக்குத் தெரியும். இருந்தாலும், இப்பப் பாக்குறப்ப, வாசிப்பாரா மாட்டாரான்னு எனக்கு உசிரே போயிடுச்சு தம்பி."

அவள் மருதையின் மனைவியோடு மழையில் குவார்ட்டர்ஸை நோக்கி நடந்தாள்.