வெள்ளைக் கடதாசிப் பூமுடி

என் மகன் இறந்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, அவன் இருந்த அதே புற்றுநோய் ஆஸ்பத்திரிச் சிறுவர் வாட்டுக்குச் சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினேன். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, சண்டைக் காலம். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் கிறேப் கடதாசியும் கோந்தும் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பூச்செய்யப் பழக்குவேன். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் கிளறுவார்கள் என்பதால் கம்பி கொண்டுபோவதில்லை. பூக்களை லாஸ்ரிக் நாடாவில் கோத்தோம். மருந்தில் மயிர் உதிர்ந்த தலைகளில் அதுதான் நின்றது.

முதல்நாள் வாட்டுக்குப் பொறுப்பான தாதி, பெரிய மிஸ்ஸி, என்னைத் தாய்மாருக்கு அறிமுகப்படுத்தும்போது, "இவங்கட மகனும் இங்கதான் இருந்தார்" என்று மட்டும் சொன்னா. மிச்சத்தை அவர்கள் நல்லபடியாக நினைத்துக்கொண்டார்கள். என்னைக் கண்டதும் அவர்களுடைய முகம் தெளியும். நான் அதைத் திருத்தவில்லை.

கொட்டாஞ்சேனை மரியகொறற்றியின் மகள் கொன்ஸ்ரன்ஸுக்கு எட்டு வயது; கோயிலில் முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்கும் வயது.

"மிஸ், வெள்ளைக் கடதாசி இல்லையோ? முதல் நன்மைக்குப் பூமுடி செய்யோணும்."

"மொட்டந்தலையில பூமுடியா?" பக்கத்துக் கட்டில் றலியா சிரித்தாள். "பல்ப்புக்கு மாலை போட்ட மாதிரி ஈக்கும்."

"உன்ர தலை மட்டும் என்னவாம்? தேங்காய்."

மரியகொறற்றி எழுந்து வந்தாள். "வெள்ளை வேண்டாம். ரோஸில செய், பிள்ளை."

பிறகு என்னை விறாந்தைக்குக் கூட்டிப்போனாள். இறந்த பிள்ளைகளின் தலையிலும் வெள்ளைப் பூமுடிதான் வைப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

"அக்கா, வகுப்புப் பிள்ளையளுக்கு யூன் மாசம் கோயிலில நன்மை. இவளும் அவையளோடதான் எடுப்பாள். ஃபாதர் வாட்டுக்கு வந்து குடுக்கிறன் எண்டவர். நான் மாட்டன் எண்டிட்டன். கட்டிலடிக்கு ஃபாதர் வந்தால், தான் சாகப்போறன் எண்டு நினைப்பாள்."

யூன் வரை பிள்ளை இருக்கமாட்டாள் என்று டொக்டர் தாயிடம் சொல்லியாயிற்று. அதை மிஸ்ஸி எனக்குச் சொல்லியிருந்தா.

"டொக்டர் என்னவும் சொல்லட்டும்," என்றாள் மரியகொறற்றி. "உங்கட மகனுக்கும் இப்பிடித்தானே சொல்லியிருப்பினம்? இப்ப ஓடித்திரியிறார்தானே?"

உள்ளே கொன்ஸ்ரன்ஸ் ரோஸ் கடதாசியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லை," என்றேன். "அவன் இல்லை. இதே வாட்டிலதான் போனவன்."

அவள் என்னிடமிருந்து ஓரடி விலகினாள்.

"அப்ப என்னத்துக்கு இஞ்ச வாறீங்கள்?"

அவள் உள்ளே போய் மகளின் போர்வையைச் சரிசெய்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது மரியகொறற்றி மகளின் கட்டிலில் உட்கார்ந்து கடதாசி வெட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை.

"மிஸ், இன்டைக்குப் பின்னேரம் ஃபாதர் வாறார்!" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "அம்மாக்குச் செய்யத் தெரியேல்ல. இதழெல்லாம் முட்டைக்கோவா இலை மாதிரி இருக்கு."

மரியகொறற்றி நிமிரவில்லை. கத்தரிக்கோலை மட்டும் என் பக்கம் தள்ளினாள். நான் வெட்டினேன், அவள் கோத்தாள். ஃபாதர் வந்தபோது கொன்ஸ்ரன்ஸ் பூமுடியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நாக்கை நீட்டி அப்பத்தை வாங்கியதும், எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். மரியகொறற்றி சிரித்தாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

மே மாதம் பிள்ளை இறந்தாள். விறாந்தையில் கதைத்ததற்குப் பிறகு மரியகொறற்றி என்னுடன் கதைக்கவேயில்லை.

என் மகனுடைய கதை வாட்டு முழுக்கப் பரவிவிட்டது. தாய்மார் காய்ச்சல் என்றும் நித்திரை என்றும் சொல்லிப் பிள்ளைகளைக் கட்டிலிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்களுடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் என்னைக் கிட்ட விட்டிருக்கமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை வெறும் மேசைக்கு முன்னால் நெடுநேரம் இருந்துவிட்டுக் கடதாசியைச் சுருட்டத் தொடங்கியபோது, றலியா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

"உம்மா ஒங்களுக்கிட்ட போவாணாமாம். டீ குடிக்கப் போயிருக்கா. சுருக்கா செய்வோம் மிஸ், வந்திருவா."

நான் கடதாசியைத் திரும்பவும் விரித்தேன்.