வலப்பக்கம் துடித்த இதயம்

ஸ்கேன் அறையில் வாய்க்கும் கைக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுப்பவள் அக்காள். அன்று படுத்திருந்தது சொந்தத் தங்கை என்பதால் வாய்க்குக் கூடுதல் வேலை. "உன் புருஷன் மூக்கு மட்டும் வராம இருந்தாச் சரி" என்று கேலி செய்துகொண்டே வயிற்றின்மேல் கருவியை நகர்த்தினாள். திரையில் குழந்தையின் இதயம் வலப்பக்கம் துடித்தது. இரைப்பையும் அதே பக்கம்.

எல்லாமே பக்கம் மாறித் தெரிந்தால், ஸ்கேன் எடுப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது தங்கள் கையைத்தான். பேச்சு சுவாரசியத்தில் கருவியை மாற்றிப் பிடித்திருப்போம் என்று நினைத்து, படத்தை இடவலமாகத் திருப்பும் பொத்தானை அழுத்தினாள். இதயம் சமர்த்தாக இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது. கையைக் குனிந்து ஒருமுறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "எல்லாம் சரியா இருக்கு, போய் நல்லாச் சாப்பிடு" என்று அனுப்பிவிட்டாள்.

குழந்தை வீட்டுக்கு அருகே ஒரு சிறிய மருத்துவமனையில் பிறந்தது. பிறந்ததும் நீலம் பாரித்தது. மூச்சுத் திணறத் திணறப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்குவது ஆனைதான், நசுங்குவது வேறு யாரோ.

அறுவை அரங்குக்கு வெளியே இதய மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கருவில் இதயம் முதலில் நடுவே ஒரு நேர்க்குழாய்தான். அதற்கும் முன்பே, ஒரு சிறு குழியில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் சுழன்று நீரை இடப்பக்கம் தள்ளும். எது இடம், எது வலம் என்று உடம்பு அறிவது அதை வைத்துத்தான். குழாய் வளைவதும் அதன்படிதான். இந்தக் குழந்தைக்கு அந்த இழைகள் சரியாகச் சுழலவில்லை. இதயம் பக்கம் மாறியதோடு, பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறிவிட்டன.

"நான் ஒருக்களிச்சுப் படுத்ததாலயா டாக்டர்?" என்றாள் தங்கை.

"இல்லம்மா. நீங்க உண்டாயிருக்கறது உங்களுக்கே சரியாத் தெரியாத நேரத்துல நடந்தது. யார் தப்பும் இல்ல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இங்கயே பிரசவம் பாத்திருப்போம். குழந்தை இவ்வளவு துவண்டிருக்காது."

அவர் உள்ளே போனார். அக்காளுக்கு அழுகை வந்தது. தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது. தங்கை அவள் தோளில் சாய்ந்தாள்.

"நீ ஏன்க்கா அழற? உன் கண்ணுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரிஞ்சிருக்கப் போகுது?"

சும்மா தலையாட்டியிருந்தால் போதும், தங்கையின் தலை அவள் தோளிலேயே இருந்திருக்கும்.

"தெரிஞ்சுது" என்றாள் அக்காள். "வலப்பக்கம்தான் இருந்துச்சு. கை மாறிடுச்சுன்னு நெனச்சு நான்தான் படத்தைத் திருப்பிட்டேன்."

தங்கை முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. எழுந்து, எதிர் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.