நெடுக்கும் குறுக்கும்

ஒரே தபால் கார்டில் இரண்டு கார்டுச் சேதி எழுதலாம். முதலில் நெடுக்குவாட்டில் நீல மையில் எழுதிக் காயவிட வேண்டும். பிறகு கார்டைக் கால்வட்டம் திருப்பி, அந்த வரிகளின்மேலேயே குறுக்காகச் சிவப்பு மையில் எழுத வேண்டும். பார்க்க மூங்கில் பாய்போல இருக்கும். ஆனால் ஒரு திசையில் கண்ணை ஓட்டினால் மற்றது பின்னுக்குப் போய்விடும். வரிக்கு வரி இடைவெளி மட்டும் பிசகக் கூடாது.

செங்கோடன் அதில் கெட்டிக்காரன். கொல்லிமலையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். ராஜா தலை அச்சிட்ட அவன் கார்டுகள் அடிவாரத்தில் என் மிளகு மண்டிக்கு வரும். அவன் மனைவி பாப்பாயி சந்தையன்று இறங்கி வந்து படிக்கச் சொல்வாள். கார்டை எப்படித் திருப்புவது என்று அவளுக்கும் காட்டியிருந்தேன். எழுத்து தெரியாவிட்டாலும் அந்தப் பின்னல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரு வருஷமாக எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. குறுக்கு வரிகள் நின்றுவிட்டன.

“எழுத்து நல்லாக் கொழுத்திருக்குதுங்க பாய். ஆளும் கொழுத்திருப்பாரு,” என்று சிரித்தாள்.

போன கார்டில், ‘ஊருக்கு வருகிறேன். எந்த நாள், எந்த ஸ்டேஷன் என்று அடுத்த கார்டில் எழுதுகிறேன். நீ வந்து கையைப் பிடித்துக்கொள்’ என்றிருந்தது.

“கையப் புடிக்கோணுமாமா! கல்யாணத்துல புடிச்சது பத்தலையாட்ட இருக்குது.”

இன்று அந்த அடுத்த கார்டு வந்தது. முழுக்க மை அப்பிக் கறுத்திருந்தது.

“எத்தன எழுதியிருக்காரு பாருங்க!”

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பேனா முள் கார்டில் மெல்லிய பள்ளம் விடும். பின்னால் எழுதியது முன்னதை வெட்டிப் போகும். அதை வைத்துப் பிரித்துவிடலாம். ஆனால் இவன் கார்டைத் திருப்பவேயில்லை. எழுதிய வரிமேல் இன்னொரு வரி, அதன்மேல் இன்னொன்று. ஈர மையில் கை பட்டு எல்லாம் இழுபட்டிருந்தது. முகவரிப் பக்கத்தில் மட்டும் பழைய பொடி எழுத்து. கண் நன்றாக இருந்தபோதே எழுதி வைத்திருக்கிறான்.

“எழுதின எடத்துலயே திரும்ப எழுதியிருக்கான்மா. பார்வை போயிருச்சு.”

அவள் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப எந்த டேசனுங்க?”

“தெரியலை. சேலமா, கரூரா, ஈரோடா...”

“நாளு?”

அதுவும் தெரியவில்லை என்று தலையசைத்தேன். பதில் போட்டாலும் அது போய்ச் சேருவதற்குள் அவன் கிளம்பியிருப்பான்.

“எறங்கி நின்னுக்கிட்டு எந்தப் பக்கம் போவாருங்க?”

பாப்பாயி கார்டை வாங்கி, நான் காட்டிக்கொடுத்தபடியே கால்வட்டம் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இப்புடிப் பாருங்க பாய்.”

பார்த்தேன். அவள் மறுபடியும் திருப்பினாள்.