நான்காம் டேபிளின் தீர்ப்பு

சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் விடுதி ஒன்றின் சமையலறை ராஜலட்சுமியின் பொறுப்பு. மணிமங்கலத்துக்காரி, வயது நாற்பத்து மூன்று. போனில் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆட அவள் கற்றுக்கொண்டதே தன்னிடம் சாப்பிடும் பெண்களிடம்தான். ஷிப்ட் முடிந்து வந்ததும் அவர்கள் உணவுக்கூடத்தில் உட்கார்ந்து ஆடுவார்கள். அவளும் ஒரு கை சேர்ந்துகொள்வாள்.

அங்கே தொடங்கிய குழுவில் இப்போது ஒரகடம் கம்பெனிக்காரர்கள், தண்டலம் கல்லூரிப் பிள்ளைகள் என்று நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஆனால் டைரக்டர் ஒருத்திதான். ஆட்டத்தில் தகராறு வந்தால் விதிப்படி தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் டைரக்டர். சங்கரன்கோவிலிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து அந்த விடுதியில் தங்கியிருந்த முத்துச்செல்வி அந்த வேலையைப் பார்த்தாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. விழுந்தால் அந்த வாரம் போட்டி கிடையாது. இன்னொரு டைரக்டராவது தேறினால்தான் தரவரிசைப் போட்டி நடத்த அனுமதி என்று மாநில பிரிட்ஜ் சங்கமும் சொல்லிவிட்டது.

பயிற்சிக்கு மூன்று பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை நின்றது ராஜலட்சுமி மட்டும். விதிகளை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். யாராவது குரலை உயர்த்தினால் மட்டும் எல்லாம் மறந்துபோகும். ஒத்திகையில் முத்துச்செல்வி கோபக்கார ஆட்டக்காரராக நடித்து ஒரு அதட்டல் போட்டாள். "சரிங்க சார், நீங்க சொன்ன மாதிரியே வச்சுக்கலாம்" என்றுவிட்டாள் ராஜலட்சுமி.

"ஏக்கா, விதி உங்க பக்கம் இருக்கும்போது எதுக்கு விட்டுக்கொடுக்கிய?"

"கத்தறாங்கோ முத்து. கத்தினா எனக்குக் கையி ஒதறுது."

"கை உதறட்டும். ரெண்டு பக்கமும் கேளுங்க, புஸ்தகத்தைப் பாருங்க, ஒரு தடவை சொல்லுங்க. ரெண்டாந்தடவை சொல்லாதிய."

அடுத்த மூன்று வாரமும் முத்துச்செல்வி விடுதிப் பெண்களை ஒருவர் மாற்றி ஒருவராகக் கத்த வைத்தாள். குழம்பில் உப்பில்லாத கோபத்தையும் சிலர் அதில் சேர்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். ராஜலட்சுமி சிரித்தபடியே தீர்ப்புச் சொல்லப் பழகினாள்.

தேர்வு ஒரு ஞாயிறு மதியம். விடுதி உணவுக்கூடத்திலிருந்தே ஒரு முழு ஆன்லைன் போட்டியை ராஜலட்சுமி தனியாக நடத்த வேண்டும். பதினாறு டேபிள், அறுபத்து நான்கு பேர், இரண்டு மணி நேரம். சங்கத்தின் தேர்வாளர் காந்திமதி சென்னையிலிருந்தே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துச்செல்வி பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது.

முதல் ஒரு மணி நேரம் ஓடியதே தெரியவில்லை. ஒருவருக்கு நெட் போனது, உடனே மாற்று ஆள் போட்டாள். இன்னொருவர், எத்தனை பிடி எடுப்போம் என்று கேட்கும் ஏலத்தில் தவறான பட்டனைத் தொட்டுவிட்டார். அவருடைய கூட்டாளி அடுத்த ஏலம் கேட்பதற்குள் திருத்திக்கொடுத்தாள்.

பிறகு நான்காம் டேபிளிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஆடியவர் தளவாய். மாநில அளவில் பல கோப்பை வாங்கியவர். அன்றைய போட்டியின் புள்ளிப் பட்டியலில் அதுவரை முதலிடமும் அவருக்குத்தான். இஸ்பேட் துருப்பு, பதின்மூன்று பிடியில் பத்து எடுப்பதாக ஏலம். ஐந்து பிடி எடுத்து, ஐந்து சீட்டு கையில் இருந்தபோது, "மிச்சம் அஞ்சும் எனக்கே" என்று ஆட்டத்தை முடித்தார். எதிரணியில் ஆடிய கல்லூரி மாணவி கனிஷ்கா, பெரிய ஆள் சொல்கிறாரே என்று சம்மதம் அழுத்திவிட்டாள். அடுத்த ஆட்டம் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தன் கையில் இஸ்பேட் ராணி இருந்தது. அதை வெல்லக்கூடிய ஏஸும் ராஜாவும் முன்பே போய்விட்டன.

ராஜலட்சுமி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டாச்சு. புள்ளியும் விழுந்தாச்சு. இதுல டைரக்டருக்கு என்ன வேலை?" என்றார் தளவாய்.

"ஒரு நிமிஷம் சார். கனிஷ்கா, நீ சொல்லும்மா."

"நான் பயத்துல அழுத்திட்டேன் மேடம். ராணி என்கிட்டதான் இருந்துச்சு."

"நாப்பது வருஷமா ஆடறேன்!" தளவாயின் குரல் உணவுக்கூடம் முழுக்க ஒலித்தது. "நேத்து கத்துக்கிட்டு வந்து எனக்கு விதி சொல்றீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். முத்துச்செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ராஜலட்சுமியின் கை உதறத்தான் செய்தது. அதே கையால் நான்கு பேருடைய சீட்டையும் திரையில் மறுபடி திறந்தாள். விதிப் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டி நிதானமாக ஒரு முறை படித்தாள்.

"சார், சம்மதம் சொல்லிட்டாலும், நிச்சயமா வரவேண்டிய பிடின்னா, குறிச்ச நேரத்துக்குள்ள அதைத் திரும்பக் கேக்கலாம். நேரம் இருக்கு. ராணிக்கு மேல சீட்டு உங்ககிட்ட இல்ல. நீங்க எப்டி ஆடியிருந்தாலும் அந்தப் பிடி கனிஷ்காவுக்குத்தான். உங்களுக்கு ஒம்போது பிடி, ஒண்ணு குறைவு. இதான் தீர்ப்பு."

"நான் அப்பீல் பண்ணுவேன்."

"பண்ணுங்க சார், அது உங்க உரிமை. எப்டி பண்றதுன்னு நானே இப்போ அனுப்பறேன். அடுத்த ஆட்டம் காத்துகினு கீது, ஆடுங்க."

தளவாய் ஆடினார். போட்டி முடிந்தபோது மூன்றாம் இடத்தில் இருந்தார்.

அப்பீலைச் சங்கத்தின் மூன்று பேர் விசாரித்தார்கள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: தீர்ப்பில் மாற்றமில்லை. பின்னாலேயே காந்திமதி அழைத்தார்.

"தீர்ப்பு சரிங்கறது ஒரு பக்கம். கோபமா இருக்கறவருக்கு அப்பீல் வழியையும் நீங்களே காட்டினீங்க பாருங்க, அதுக்காகவே முழு மதிப்பெண் போட்டேன். வாழ்த்துகள், டைரக்டர்."

உணவுக்கூடம் அதிர்ந்தது. தட்டைத் தட்டுகிறவர்களும் பெஞ்சின் மேல் ஏறியவர்களுமாக ஒரே கூச்சல். இரண்டு மணி நேரம் அடக்கிவைத்த பேச்சு மொத்தத்தையும் முத்துச்செல்வி ஒரே மூச்சில் கொட்டினாள். "யக்கா, புஸ்தகத்தைப் புரட்டுனிய பாத்தியளா, அப்ப எனக்கு உசுரே இல்ல!"

"எனக்கு மட்டும் இருந்துச்சா இன்னா?" என்று அவளைக் கட்டிக்கொண்டாள் ராஜலட்சுமி. அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அடுத்த மாதம் குழுவின் முதல் தரவரிசைப் போட்டி. அன்று முத்துச்செல்விக்கு ஓ.டி. இருந்தது. போட்டி நிற்கவில்லை. இருபத்தாறு டேபிள் நிரம்பியது. பதிவுப் பட்டியலில் ஒன்பதாவதாகத் தளவாயின் பெயர் இருந்தது. ராஜலட்சுமி சாம்பார் அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் வரவேற்புச் செய்தி அனுப்பினாள்: "வணக்கம். இன்றைய டைரக்டர் ராஜலட்சுமி. ஆட்டம் தொடங்கலாம்."