எலும்பு பார்க்கப் போன ஆழ்வாப்பிள்ளை

எங்கள் மாலை வகுப்பில் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் போய்ப் பார்த்தவர் எவரும் இல்லை. நானும் இல்லை. ஆனால் கனடாவில் நூதனசாலைகள் எந்தக் கிழமையில் பூட்டியிருக்கும் என்று கேட்டால் கடைசி வாங்கிலிருந்தே பதில் வரும்: "திங்கள்."

வகுப்பின் பெயர் சுற்றுலா ஆங்கிலம். மானிப்பாயில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் நடக்கிறது. நடத்துகிறவர் சிமியோன் மாஸ்டர். கனடாவுக்கு மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் மறுக்கப்பட்டவர். அந்த அனுபவம்தான் அவருடைய தகுதி. விசா கிடைத்தவர்களுக்கு விமான நிலையத்தில் அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளை அவர் பழக்கிவிடுவார். முக்கியமான கேள்வி ஒன்றுதான்: எங்கள் நாட்டில் என்ன பார்க்கப் போகிறீர்கள்? தங்கையைப் பார்க்க என்றால் தங்கை என்ன வேலை என்று கேட்பார்கள். அப்படியே கேட்டுக்கேட்டு ஒரு மூலையில் இருத்திவிடுவார்கள். நீர்வீழ்ச்சி என்றால் நீர்வீழ்ச்சியிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

போனவர் திரும்பி வரமாட்டார் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அதை மட்டும் யாரும் எந்த மொழியிலும் சொல்வதில்லை.

நான் பகலில் மருந்துக்கடையில் நிற்கிறேன். பிழையில்லாமல் தட்டச்சுச் செய்வேன் என்பதால், ஒவ்வொருவருக்கும் பயணத் திட்டம் தயாரிக்கிற வேலையை மாஸ்டர் என்னிடம் விட்டிருந்தார். பிழையில்லாமல் என்று மற்றவர்கள்தான் சொல்வார்கள். நான் ஒவ்வொன்றையும் மூன்று தரம் பார்ப்பேன். நாலாந்தரம் பார்த்திருக்கலாமோ என்று வீட்டுக்குப் போய் யோசிப்பேன்.

வைகாசியில் ஆழ்வாப்பிள்ளை ஐயா வந்து சேர்ந்தார். வல்வெட்டித்துறைக்காரர், எழுபதுக்குக் கிட்டிய வயது. வாழ்நாள் முழுக்கக் கடலில் போனவர். இரண்டு பஸ் மாறி, குடையும் கையுமாக வருவார். அவருடைய மகள் ஜெயகௌரிக்குக் கலியாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. பேரனைத் தூக்கவேண்டும், ஆவணியில் சந்நிதிக் கோயில் கொடியேற்றத்துக்கு முன்னம் திரும்பி வந்துவிடவேண்டும். வேறு நோக்கம் அவருக்கு இல்லை. இதை அவர் முதல்நாளே எழுந்து நின்று சொன்னபோது வகுப்பு அடக்கமாகச் சிரித்தது. மாஸ்டர் மட்டும் பாராட்டினார். கொடியேற்றம் நல்ல யோசனை, அந்த வசனத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் உண்மை போலவே இருக்கிறது என்றார்.

ஐயாவின் திட்டத்தில் நயாகராவும், ஒட்டாவாவில் ஒரு நூதனசாலையும், மலைகளுக்கு நடுவில் ஒரு பெரிய தேசியப் பூங்காவும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக அல்பேட்டா மாகாணத்தில் டைனோசர் எலும்புகள் வைத்திருக்கிற நூதனசாலை. அதில்தான் சண்டை வந்தது.

"நான் பேரனைப் பாக்கத்தானே போறன்," என்றார் ஐயா. "ஏன் எலும்பு பாக்கப் போறன் எண்டு சொல்லோணும்?"

"பேரன் எண்டால் பிள்ளை பாக்கிற வேலைக்கு வந்த ஆள் எண்டு நினைப்பினம், ஐயா. எலும்பு எண்டால் ஒரு சந்தேகமும் வராது."

"சொன்னால் போகோணுமெல்லோ?"

"சொல்லத்தான் வேணும். போகத் தேவையில்லை."

ஐயா குடையைச் சாத்தி வைத்துவிட்டு, எலும்பு நூதனசாலையின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகப் பாடமாக்கத் தொடங்கினார்.

மாஸ்டர் எனக்குச் சொன்ன ஒழுங்கின்படி, ஐயா காலையில் நயாகரா பார்ப்பார், பின்னேரம் எலும்பு பார்ப்பார். எனக்குச் சந்தேகம் வந்தது. சுவரில் தொங்கிய உலகப் படத்தில் இரண்டு இடத்துக்கும் நடுவே என் பெருவிரல் அகலம் இருந்தது. அதே பெருவிரலை இலங்கையின் மேல் வைத்தால் இலங்கை மறைந்துபோனது. இதை மாஸ்டரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரு இரவு பஸ், அது குண்டும் குழியுமான றோட்டில். கனடாவில் றோட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துப்பார் என்றார். யோசித்துப் பார்த்தேன். விரலைத்தான் பிழையாக வைத்தேனோ என்று நினைத்துக்கொண்டு, சொன்னபடியே அடித்துக் கொடுத்தேன்.

ஐயா விமானம் ஏறிய பிறகுதான் போனில் தூரத்தைப் பார்த்தேன். மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் காட்டியது. மாஸ்டரிடம் சொன்னபோது நெட் எப்போதும் சுற்றுப்பாதைதான் காட்டும் என்றார். ஆனால் அன்று அவர் தேத்தண்ணீரை முழுவதும் குடிக்கவில்லை. ஐயாவைத் திருப்பி அனுப்பினால் ஐயாவுக்குப் பேரனைக் காணும் வாய்ப்புப் போய்விடும். மாஸ்டருக்கு வகுப்புப் போய்விடும்.

அடுத்த வகுப்பின்போது ஜெயகௌரி அக்கா வட்சப்பில் எடுத்தார். போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தோம். அதிகாரி ஒரு இளம் பெண்ணாம். திட்டத்தை வாசித்துவிட்டுச் சிரித்தாளாம். நயாகராவிலிருந்து பின்னேரத்துக்குள் எப்படி அங்கே போவீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாளாம். ஐயா சொன்னதை அக்கா அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினார்:

"தூரம் பிழையாய்ப் போட்டுக்கிடக்கு, பிள்ளை. நான் பேரனைத்தான் பாக்க வந்தனான். ஆனால் எலும்பும் பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். போவன். கொடியேற்றத்துக்கு முன்னம் ஊருக்கும் போவன்."

உடனே முத்திரை குத்தினார்களாம். வகுப்பு கைதட்டியது. மாஸ்டர் கைதட்டு ஓயும் வரை காத்திருந்தார். பிறகு, இனி ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு பிழை வைக்கவேண்டும், பிழை இருந்தால்தான் ஆள் நேர்மை என்று நம்புகிறார்கள் என்று எனக்கு உத்தரவு போட்டார். அந்த மாதம் நான் நாலு பேருக்குப் பிழை வைத்தேன். சரியான பிழைதானா என்று ஒவ்வொன்றையும் மூன்று தரம் பார்த்தேன்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். இரண்டு கிழமை கழித்து அக்கா என்னைத் தனியாகப் போனில் எடுத்தார். அப்பா பேரனைத் தூக்கியாயிற்று, இனி எலும்பு பார்க்கவேண்டும் என்று நிற்கிறார் என்றார். அவருடைய கணவர் சிவதர்ஷன் அண்ணை அங்கே போய்ப் பதின்மூன்று வருடம். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. நயாகராவைக்கூட ஊரிலிருந்து ஆட்கள் வந்தபோதுதான், அதுவும் கார் நிறுத்துகிற இடத்திலிருந்து பார்த்தவர். அவர் மாமாவிடம் இங்கே ஒருவரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை, அது விசாவுக்குச் சொல்வது என்று விளக்கியிருக்கிறார். மாமா, சொன்ன ஆள் நானெல்லோ என்றிருக்கிறார். கார் இல்லாவிட்டால் பஸ்ஸில் போகிறேன் என்று சேர்ட்டும் மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாராம், குடையோடு.

"நீங்கள் ஒருக்கா சொல்லுங்கோ, தங்கச்சி," என்றார் அக்கா. "உது சும்மா எழுதினது எண்டு."

எழுதியது நான்தான், ஆகவே நான் சொன்னால் சொல் தீரும் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஐயாவை எடுத்து, அது அந்த அதிகாரிக்காக மட்டும் எழுதியது, அவ இப்போது மறந்திருப்பா என்றேன்.

"அவ மறக்கட்டும், பிள்ளை," என்றார் ஐயா. "எனக்கு ஞாபகம் கிடக்கே."

சிவதர்ஷன் அண்ணை பதின்மூன்று வருடத்தில் முதன்முதலாக லீவு போட்டார். குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்வழியெல்லாம் மாமாவையும் மாஸ்டரையும் என்னையும் ஏசிக்கொண்டு போனாராம். மூன்றாம் நாளுக்குப் பிறகு ஏசுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. கோதுமை வயல் மட்டும் இருந்தது. மலைப்பூங்காவில் ஒரு ஏரிக்கரையில் அவர் போனைப் பார்க்காமல் கனநேரம் இருக்க, காய்ச்சலாக்கும் என்று அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.

படங்கள் வந்தன. எல்லாப் படத்திலும் ஐயா அடையாள அட்டைக்கு நிற்பதுபோலவே நிற்கிறார். எலும்பு நூதனசாலையில் அவருக்குப் பின்னால் பெரிய வாய் ஒன்று திறந்திருக்கிறது. தோளில் பேரன் நித்திரை. எங்கள் வகுப்பிலிருந்து அதே காலத்தில் போன யதுசனிடம் நீ என்ன பார்த்தாய் என்று கேட்டிருந்தேன். கோழி வெட்டுகிற தொழிற்சாலை, நிலக்கீழ் அறை, அதற்கு நடுவில் ஒரு பஸ் தரிப்பிடம் என்று பதில் போட்டான். எங்கள் வகுப்பு அனுப்பிய ஆட்களில் கனடாவைப் பார்த்தவர் ஆழ்வாப்பிள்ளை ஐயா ஒருவர்தான்.

கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்க அவர் திரும்பி வந்தார்.

வல்வெட்டித்துறை திகைத்துப்போனது. பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். மருமகனோடு சண்டை என்றார்கள். ஏதோ பெரிய வருத்தமாம், தீராத நோயாம், ஊரில் சாக வந்திருக்கிறார் என்று ஒரு பகுதி அழவும் ஆயத்தமானது. வருகிறேன் என்று சொன்னார், அதனால் வந்தார் என்ற காரணத்தை மட்டும் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கனடாவுக்குள் போய், பிறகு தன்பாட்டில் வெளியே வந்த மனிதர் எப்படி இருப்பார் என்று பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வான் பிடித்து வந்தார்கள். பிள்ளைகளை ஐயாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிலர் அவருடைய முழங்கையைத் தொட்டும் பார்த்தார்கள்.

வகுப்புக்கு இது நல்லதல்ல. அங்கே படித்தவர் திரும்பி வந்துவிட்டாராமே என்று பெற்றோர் விசாரித்தார்கள். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். வருத்தத்தால் வந்தேன் என்று ஐயா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டார். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஐயாவின் கேற்றில் ஒரு மட்டை தொங்கியது. பெரிய எழுத்தில், கோடு போட்டு எழுதியிருந்தது: திங்கட்கிழமை பார்வையிட முடியாது.

அன்று திங்கள்.

மாஸ்டர் கேற்றைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். ஐயா முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். எழும்பவில்லை.

"ஒரு சொல்லுத்தான், ஐயா," என்றார் மாஸ்டர். "வருத்தம் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மாஸ்டர்."

"சொல்லத்தானே, ஐயா."

"சொன்னால் பிறகு நான் படுக்கவெல்லோ வேணும்," என்றார் ஐயா. "நாளைக்கு வாங்கோ. இண்டைக்குப் பூட்டு."

எங்களுக்குப் பின்னால் ஒரு வான் வந்து நின்றது. இறங்கியவர்கள் மட்டையை வாசித்தார்கள், தங்களுக்குள் கதைத்தார்கள், தூரத்திலிருந்து வந்ததை வீணாக்க மனமில்லாமல் கேற்றுக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். அதில் ஒரு பெண் போனை மாஸ்டரிடம் நீட்டி, தங்கள் எல்லோரையும் சேர்த்து ஒன்று எடுத்துத் தரும்படி கேட்டார்.

மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். மட்டையும் படத்தில் விழவேண்டும் என்று அவர்கள் சொன்னதால், இரண்டடி பின்னால் போய் இன்னொன்றும் எடுத்தார்.