மெயினை இறக்கிய கிலோவாட்

மாடியில் சோலார் பலகைகள் ஏறிய நாளிலிருந்து ஐஸ்கிரீம் கடைக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. வெனிலா கேட்டு வந்தவர்களுக்கு முதலில் கிலோவாட் கணக்குதான் கிடைத்தது, வெனிலா பிறகு. தெரு அவருக்குக் கிலோவாட் என்றே பெயர் வைத்துவிட்டது. அதை அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

மசியாத ஒரே ஆள், அடுத்த கடையில் பேக்கரி நடத்திய மச்சினன். "கரண்ட் போகட்டும் மாமா, அப்ப தெரியும் உங்க சூரியன் வண்டவாளம்" என்று போகிறபோக்கில் கிள்ளிவிட்டுப் போவான். கரண்டோ, பகையாளி மாதிரி, போகவே மாட்டேன் என்றது.

பொறுத்துப் பார்த்த கிலோவாட், நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிறு மதியம், கடை நிறைய ஆள் இருக்கையில் மச்சினனை முன்னால் நிறுத்தித் தன் கையாலேயே மெயின் சுவிட்சை இறக்கினார்.

விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. ஃப்ரீசர் ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது.

"இப்ப வரும் பாருங்க" என்றார். வரவில்லை.

பேட்டரி வைக்காததால், வெளிக்கரண்ட் நின்றால் சோலாரும் நின்றுவிடும் என்று மாட்டிய ஆள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அந்த நேரத்தில் இவர் பலகை ஓரம் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். காதில் வாங்கியவள் மனைவி. அவள் சொன்னபோது, 'உனக்கென்ன தெரியும்' என்று அடக்கிவிட்டார்.

சுவிட்சைத் தூக்கினால் கரண்ட் வரும், மானம் போகும். தூக்காவிட்டால் ஒரு வாரச் சரக்கு போகும். பலகை இன்னும் சூடேறவில்லை என்று அரை மணி நேரமாகக் கூட்டத்திடம் சரடு விட்டபடி, நொடிக்கொரு தரம் ஃப்ரீசர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். இருந்த கொஞ்சம் குளிரும் அந்த வழியாக வெளியேறியது.

மச்சினன் உள்ளே கைவிட்டு ஒரு பிஸ்தா கப்பை எடுத்தான். "குடிக்கிற பதம் வந்துடுச்சு மாமா. ஸ்ட்ரா இருக்கா?"

மனைவி காதோரம் வந்தாள். "போட்டுடட்டுமா?"

"பொறு. கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல."

"அதை எந்த ஃப்ரீசர்ல வைக்கப்போறீங்க?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் போனாள். விளக்கு எரிந்தது. ஃப்ரீசர் உறுமியது.

கிலோவாட் கூட்டத்தின் பக்கம் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினார். "நான் சொல்லல? சூரியன் கைவிடாதுய்யா."

மெயின் சுவிட்சில் இன்னும் இருந்த அக்காவின் கையை மச்சினன் நிதானமாகப் பார்த்தான்.

"அது சரி மாமா" என்றான். "சூரியன் எப்ப வளையல் போட்டுச்சு?"