அருகிலுள்ள ரயில் நிலையம்

கம்ப்யூட்டர் திரையில் மறுபடியும் அதே கேள்வியைப் பார்த்தாள் சம்சாத். 'அருகிலுள்ள ரயில் நிலையம்' எது என்று கேட்டிருந்தது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வேறு. நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

அந்தமான் தீவுகளில், ஹட் பேயில் இருப்பவர் தண்டவாளத்தைப் பார்க்க ஒரு கடலைத் தாண்ட வேண்டும். விண்ணப்பம் தயாரித்த புண்ணியவானுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

இருபத்தேழு வருஷத்துக்கு முன்பும் இதே கேள்விதான் அவளைக் கவிழ்த்தது. அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியின் விண்ணப்பத்தை, மெயின்லேண்ட் போன ஒருவரிடம் சொல்லி வாப்பாதான் வரவழைத்தார். அவருடைய துணிக்கடை மேஜையில் வைத்து, பிழை வந்துவிடக் கூடாதென்று முதலில் பென்சிலால் எழுதி, அப்புறம் அதன்மேல் மையால் எழுதினார்கள். வாசலில் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்படியொரு சந்தோஷமான சாயங்காலம் அவளுக்குப் பிறகு வாய்க்கவே இல்லை. இந்தக் கேள்வி வந்ததும் வாப்பா பேனாவை மூடினார்.

"நம்ம ஊருல ஸ்டேஷன் ஏது புள்ள? பொய் எழுதாத. விட்டுரு."

விட்டுவிட்டாள். ஒன்றரை மாதம், கப்பல் ஊதும்போதெல்லாம் பதில் வந்திருக்கிறதா என்று கப்பல்துறைக்கு ஓடினாள். 'முழுமையற்றது' என்ற முத்திரையோடு விண்ணப்பம் திரும்பி வந்தபோது கடைசித் தேதி முடிந்து பதினொரு நாள். மறுவருஷம் நஜிமுதீனோடு நிக்காஹ். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. ஆனாலும் ராமநாதபுரத்திலிருந்து எழும்பூர் வரை ரயிலில் வந்து கப்பலேறிய வாப்பாவுக்கு ஒரு ஸ்டேஷன் பேரா தெரியாது? பெண்பிள்ளையை அனுப்ப மனமில்லாமல்தான் விடச் சொன்னார் என்று முடிவுகட்டிவிட்டாள். அவரிடம் கேட்டதில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இப்போது திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மையம் ஹட் பேக்கே வந்திருக்கிறது. விண்ணப்பிக்க இன்று கடைசி நாள். நெட் வருவதும் போவதுமாக இருந்தது.

"அக்கா, நாங்க எல்லாருக்கும் சென்னை எக்மோர்னுதான் போடுவோம்," என்றாள் கம்ப்யூட்டர் கடை கார்த்திகா.

"எக்மோர் பக்கத்துலயா இருக்கு?"

"கீழ தூரமும் கேக்குது பாருங்க. அதுல உள்ளதைப் போட்டுடலாம்."

"அப்ப ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்னு போடு."

கார்த்திகா சிரித்துக்கொண்டே தட்டினாள். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. "ஹோ கயா அக்கா. போயிருச்சு."

ரசீதை மடித்து எடுத்துக்கொண்டு துணிக்கடைக்கு வந்தாள். எழுபத்தெட்டு வயதிலும் வாப்பா லுங்கிகளைத் தானே அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாப்பா, பி.ஏ.வுக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

அவர் கை அப்படியே நின்றது.

"ஸ்டேஷன் கேட்டானா?"

இத்தனை வருஷமும் அவர் மறக்கவே இல்லை.

"கேட்டான் வாப்பா. எக்மோர்னு போட்டேன். தூரத்தையும் உள்ளபடி போட்டுட்டேன்."

"தூரத்தையும் எழுதிட்டா பொய் இல்லைல்ல," என்றார். கையிலிருந்த லுங்கியை அடுக்கில் வைத்துவிட்டு, "அன்னைக்கு எனக்கு அது தோணலையே புள்ள. உன் நிக்காஹ்வுக்குக் குடுத்தனே பச்சைத் தகரப்பெட்டி, அது நீ காலேஜுக்குக் கொண்டுபோகன்னு வாங்கினது" என்றார்.

இருபத்தேழு வருஷக் கோபத்தை இனி எங்கே கொண்டு வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த லுங்கிகளை மடிக்கத் தொடங்கினாள்.